துடுப்பறுத்து விட்ட மீன்

எழுபதுகளில் மீஞ்சூர் மார்க்கெட்டில் மீன் வாங்கியவர்களுக்குக் கோவிந்தம்மாவைத் தெரியாமல் இருக்காது. நல்ல உயரம், கறுத்த முகத்தில் பெரிய மூக்குத்தி, குரல் மட்டும் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும். மீனைத் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்களை அவள் சும்மா விட்டதில்லை. ஒருமுறை சுங்கம் வசூலிக்க வந்தவன் கூடையைக் காலால் நகர்த்தினான் என்று, அந்தக் கூடையைத் தூக்கி அவன் தலையிலேயே வைத்து, சுமந்து பார்த்துவிட்டு அப்புறம் உதைக்கச் சொன்னாளாம். பலர் அதைத் திமிர் என்றார்கள். திமிர்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் அந்தத் திமிர் ஒரு தடவை ஓர் ஆற்றுக்கே உதவியிருக்கிறது. அதைச் சொல்லாமல் அவளைப் பற்றி வேறு எதைச் சொன்னாலும் அரைகுறைதான்.

அவள் பிறந்தது பெரியபாளையத்தை ஒட்டி, ஆரணியாற்றங்கரையில். ஆற்றில் மீன் பிடித்துப் பிழைத்த குடும்பம். வாழ்க்கைப்பட்டது அதே ஆறு பழவேற்காட்டு ஏரியில் போய் விழுகிற இடத்தில் இருந்த ஒரு குப்பத்தில். புருஷன் தேசப்பன் அதிர்ந்து பேசாத ஆள். பகலெல்லாம் வலையோடு கிடப்பான், பொழுது சாய்ந்தால் திருட்டுச் சாராயத்தோடு கிடப்பான். உப்புத் தண்ணீர்க்காரர்களுக்கு ஆற்று மீன் என்றாலே இளக்காரம். சேறு நாறும் என்பார்கள். சேல் கெண்டையைத் தின்றுவிட்டு அப்புறம் பேசுங்கள் என்று கோவிந்தம்மா மல்லுக்கு நிற்பாள். ஆனால் காட்டுவதற்கு ஒரு சேல் கெண்டையாவது வேண்டாமா? கோடையில் மடுவை இறைத்து அள்ளியும், வெடி வைத்தும், அவள் கல்யாணத்துக்கு முன்பே அந்த மீனை ஆற்றிலிருந்து துடைத்து எடுத்திருந்தார்கள்.

அவளுக்கு அது வெறும் வாய்ச் சண்டை இல்லை. சித்திரை, வைகாசியில் ஏரியின் முகத்துவாரத்தை மணல் மூடிவிடும். கடல் தண்ணீர் உள்ளே வராது, இருக்கிற தண்ணீர் உப்பாகக் காய்ந்து போகும், வலையில் பாசியைத் தவிர ஒன்றும் ஏறாது. குப்பம் முழுக்கக் கடன் கேழ்வரகில் கூழ் குடித்து நாளைத் தள்ளும். ஆற்று மடுக்களில் பழையபடி மீன் இருந்தால் இந்தப் பட்டினி எதற்கு என்று வருஷா வருஷம் அவள் வயிறெரிந்தாள்.

அறுபத்தெட்டாம் வருஷம் ஆவணியில் தாய்வீட்டுக்குப் போனவள், ஆற்றங்கரையில் லாரி நிற்பதைப் பார்த்தாள். அண்டா அண்டாவாகத் தண்ணீர், தண்ணீர் நிறைய விரல் நீள மீன்கள். கிட்டப் போய் எட்டிப் பார்த்தாள். அத்தனையும் சேல் கெண்டை. மீன் ஆபீஸ்காரர்கள் காவேரிப் பக்கத்திலிருந்து கொண்டு வந்திருந்தார்கள். கூட வந்த பாக்கியராஜ் என்ற இளம் அதிகாரிக்கு, மீனைப் பிடித்தால் நழுவவிடாத கைகள் தேவைப்பட்டன. கூலிக்கு ஆள் எடுத்தார். கோவிந்தம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

வேலை இதுதான். ஒவ்வொரு மீனாக எடுத்து, வயிற்றுக்கடியில் இருக்கிற ஜோடித் துடுப்பில் இடது பக்கத்தைச் சின்னக் கத்தரிக்கோலால் அடியோடு வெட்ட வேண்டும். ஊதா மருந்துத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, அம்மன் கோயிலுக்குக் கீழண்டை இருந்த பெரிய மடுவில் விட வேண்டும். வெட்டின துடுப்பு திரும்ப முளைக்காது, எங்கே எப்போது பிடிபட்டாலும் இது நாங்கள் விட்ட மீன் என்று தெரிந்துவிடும் என்று பாக்கியராஜ் விளக்கினார். மீன் மடுவிலேயே தங்குகிறதா, வெள்ளத்தோடு கீழே போகிறதா, போனால் திரும்பி வருகிறதா என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். பிடிக்கிறவர்கள் வந்து சொன்னால்தான் தெரியும். உயிரோடு இருக்கிறது என்று தெரிந்தால் அடுத்த வருஷமும் லாரி வரும், மடுவில் வலை போடக் கூடாது என்ற தடையும் இருக்கும். உன் குப்பத்தில் எல்லோரிடமும் சொல் அம்மா என்றார். கோவிந்தம்மாவும் சொல்கிறேன் என்று தலையாட்டினாள்.

சொல்லவும் செய்தாள். அங்கேதான் வந்தது வினை. குப்பத்துக்குத் திரும்பியவளை, இத்தனை நாளாகத் தாய்வீட்டில் என்ன செய்தாய் என்று குழாயடியில் கேட்டார்கள். கூடையை இறக்காமலே சொன்னாள்.

"பெரியபாளயத்தா வாசல்ல மீனுக்குத் துடுப்பறுத்து வுட்டுட்டு வந்தேன்."

மேற்கொண்டு விவரம் சொல்ல வாயெடுப்பதற்குள் தண்ணீர்ச் சண்டை வந்துவிட்டது. சண்டை என்று வந்தால் கோவிந்தம்மாவுக்கு மற்றதெல்லாம் மறந்து போகும். எப்படியும் விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது என்று விட்டுவிட்டாள்.

ஊருக்குத் தெரிந்தது வேறு விஷயம். இந்தப் பக்கத்தில் அம்மனுக்கு வேண்டிக்கொண்டால் ஆட்டுக்கிடாவின் காது நுனியை அறுத்து ஊரில் மேய விடுவார்கள். "காதறுத்து வுட்டது" என்றால் சாமிக்கு நேர்ந்தது என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அந்தக் கிடாயை யாரும் கட்ட மாட்டார்கள், விரட்ட மாட்டார்கள். குப்பத்து வழக்கம் அதற்கு மேலும் ஒரு படி போகும். நேர்ந்துவிட்ட உயிரைக் கண்டால் கும்பிட்டு விலகிவிட வேண்டும், கண்டதை யாரிடமும் பேசக் கூடாது, பேசினால் வேண்டுதல் கலைந்து குற்றம் பேசினவன் தலையில் விழும். வேண்டிக்கொண்டவளிடம் எதற்கு வேண்டினாய் என்று கேட்பதும் கூடாது. கோவிந்தம்மா அம்மனுக்கு மீன் நேர்ந்துவிட்டிருக்கிறாள் என்று ஊர் முடிவு கட்டிக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டது.

ஐப்பசி மழையில் ஆறு இரு கரையும் தொட்டு வந்தது. அதன் பிறகு மாதம் தவறாமல் பாக்கியராஜ் சைக்கிளில் குப்பத்துக்கு வந்தார். வலை உலர்த்துகிறவர்களிடம் துடுப்பு வெட்டின மீன் ஏதாவது பட்டதா என்று கேட்பார். இல்லீங்க சார் என்பார்கள். ஊர்த் தலைவர் ரங்கசாமி, சாமி மீனை இவர் எதற்குத் துருவுகிறார் என்ற பயத்தில், கொஞ்சம் அவசரமாகவே இல்லை என்பார். பாவம் பாக்கியராஜ், குடிக்கத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பிப் போவார். கோவிந்தம்மாவும் ஒவ்வொரு தடவையும் முகம் தொங்கிப் போவாள். அந்த வருஷம் அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல், தேசப்பன் யாரும் சொல்லாமலே சாராயத்தை விட்டதுதான். நல்ல புத்தி தானாக வந்தது என்று பக்கத்து வீட்டிலெல்லாம் பெருமையடித்தாள்.

மாசியில் பாக்கியராஜ் கடைசித் தடவையாக வந்தார். ஒரு மீன்கூடத் திரும்பக் கிடைக்கவில்லை, விட்டதெல்லாம் செத்துவிட்டது என்று மேலே முடிவாகிவிட்டது என்றார். இனி லாரி வராது. மடுவின் தடையை எடுத்துவிட்டு ஆடியில் ஏலம் விடப் போகிறார்கள். அரிசி மில் வைத்திருக்கிற பூவராகவன் எடுக்கப் போவதாகப் பேச்சு. அவரிடம் இன்ஜின் இருக்கிறது, மடுவை அடிவரைக்கும் இறைத்து அள்ளிவிடுவார். சொல்லிவிட்டுப் பாக்கியராஜ் சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே போனார். அன்றைக்குக் கோவிந்தம்மா அடுப்பு மூட்டவில்லை. தன் கையால் வெட்டித் தன் கையால் விட்ட மீன்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றால் அவளுக்கு எப்படி இருக்கும்?

அந்த மாசியிலேயே ஒரு நாள் தேசப்பனோடு வலை இழுக்கிற கூட்டாளிக்குக் காய்ச்சல். கோவிந்தம்மா போனாள். ஆற்றின் கடைசித் தண்ணீர் ஏரியைத் தொட்டும் தொடாமலும் இருந்த வாய்க்கால் அது. முழங்கால் தண்ணீரில் வலையைச் சுருக்கியபோது, மடவை மீன்களுக்கு நடுவே முழ நீளத்தில் ஒரு சேல் கெண்டை புரண்டது. தேசப்பன் அதைப் புரட்டி, இடது துடுப்பு இல்லாததைப் பார்த்தான். மீனை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஆறு வருகிற திசை பார்த்துத் தண்ணீரில் விட்டுவிட்டு, எதுவும் நடக்காதது போல வலையை உதறினான்.

"யோவ், இன்னாய்யா பண்ண இப்போ?" என்றாள்.

அவன் மடவைகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டான். அவள் விடவில்லை. நச்சரிக்க நச்சரிக்க, கடைசியில் அவன் சொன்னான். "கேக்காதே. உன் வேண்டுதல், நான் பேசக் கூடாது. நீ எதுக்கு வேண்டிக்கினேன்னு எனக்குத் தெரியும். அதான் குடிய வுட்டுட்டேனே, அப்பறம் இன்னா?"

கோவிந்தம்மாவுக்கு விளங்கச் சற்று நேரம் ஆயிற்று. விளங்கியதும் தண்ணீரிலேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். மாதக்கணக்கில் ஊர் முழுக்க மீனைக் கும்பிட்டுக் கும்பிட்டு ஆற்றில் விட்டிருக்கிறது. செத்தது என்று ஆபீஸ் சொன்ன மீன் முழ நீளம் வளர்ந்து, உப்பு ஏறுவதற்கு முன்னால் ஆற்றுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது.

அப்புறம் சிரிப்பு நின்றுபோனது. இப்போது என்ன செய்வது? இது வேண்டுதல் இல்லை, கூலிக்கு வெட்டினது என்று வாயைத் திறந்தால், நாளைக்கே மீன் குழம்புச் சட்டிக்குப் போய்விடும். திறக்காமல் இருந்தால் ஆபீஸுக்கு மீன் செத்தது செத்ததுதான், ஆடியில் பூவராகவன் இன்ஜினோடு வந்துவிடுவார். பாக்கியராஜிடம் ரகசியமாகச் சொல்லலாம் என்றால், ஊரே இல்லை என்ற பிறகு ஒருத்தி பேச்சை ஆபீஸ் நம்பாது, விசாரிக்க வந்தால் ஊருக்கும் தெரிந்துவிடும். வாயைத் திறந்தாலும் மீனுக்குச் சாவு, மூடினாலும் சாவு. இந்த இக்கட்டில் மாட்டி வைத்தது தன்னுடைய ஒரு வாய்ச் சொல் என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சித்திரை பிறந்தது, முகத்துவாரம் அடைத்தது, கூழ்க் காலம் வந்தது. மேலே மடுவில் மீன் கூடியிருக்கும் என்று அந்தக் குப்பத்தில் அவள் ஒருத்திக்கு நிச்சயமாகத் தெரியும். தேசப்பன் கன்னம் ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லா அடுப்பிலும் மீன் வேகும். ஒரு வாரம் வேகும், அதோடு ஆறு காலி. அவள் சொல்லவில்லை. மற்றவர்கள் பட்டினியைப் பார்த்துக்கொண்டு அப்படி வாய் மூடியிருப்பது அவளுக்கு நரகமாக இருந்தது. ராத்திரிகளில் அழுதிருக்கிறாள். ஆனால் காலையில் எழுந்தால் அதே வீம்பு.

ஆடியில் குப்பம் மொத்தமும் வண்டி கட்டிக்கொண்டு பெரியபாளையம் போகும். ஞாயிற்றுக்கிழமை பொங்கல் வைத்துவிட்டு, ஆற்று மணலில் தங்கித் திங்கட்கிழமை கிளம்புவார்கள். ஏலம் வைத்ததும் அதே திங்கட்கிழமை. கோவிந்தம்மா விடியற்காலை எழுந்து தலை முழுகி, வேப்பிலையைச் சரம் சரமாகக் கட்டி உடுத்தி, ஈரம் சொட்டச் சொட்டக் கோயிலைச் சுற்றினாள். சுற்றி முடித்தவள் நேராக மடுவுக்குப் போனாள். இன்றைக்குத்தான் வேண்டுதல் முடிகிறது போலிருக்கிறது என்று குப்பத்து ஜனமும் பின்னாலேயே போயிற்று.

கரையில் ஜீப் நின்றது. பெரிய அதிகாரி ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் பாக்கியராஜ். பூவராகவன் வெள்ளை வேட்டி சட்டையில் வந்திருந்தார். ஏலம் எடுத்த மாதிரியே தீர்மானித்து இன்ஜினையும் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, தண்ணீரோரம் இறக்கி வைத்திருந்தார். மடுவில் மீன் இருக்கிறது, ஏலம் விடக் கூடாது என்று கோவிந்தம்மா சொன்னதும், மீனே இல்லை என்று ஊரே சொல்லியாயிற்றே, வேண்டுதலைக் கோயிலில் வைத்துக்கொள் அம்மா என்றார் பெரிய அதிகாரி.

"இல்லேன்னு சொன்னது எங்க ஊரு. இருக்குதுன்னு சொல்லப் போறதும் அதே ஊருதான்" என்றாள் அவள். பிறகு குப்பத்துப் பக்கம் திரும்பினாள். ஈரத் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள். எதையும் மறைக்காமல் சொன்னாள். தான் எந்த வேண்டுதலும் வைக்கவில்லை, ஆபீஸ்காரர் கொடுத்த கூலிக்குத் துடுப்பை வெட்டினது, மீனை அடையாளம் காண வெட்டினது, அவ்வளவுதான்.

அதைக் கேட்டதும் கரையில் எழுந்த இரைச்சலைக் கேட்க வேண்டுமே. நல்ல நல்ல மீனையெல்லாம் விட்டுத் தொலைத்தோமே என்று ஒருவன் தலையில் அடித்துக்கொண்டான். அப்படியானால் இப்பவே வலையைப் போடலாமே என்று இரண்டு வாலிபர்கள் மடுவைப் பார்த்தார்கள். ரங்கசாமிக்கு முகம் சிவந்துவிட்டது. ஊரையே பைத்தியக்காரனாக்கியவளை ஊரைவிட்டுத் தள்ளி வைப்பேன் என்றார்.

"தள்ளி வெய் மாமா" என்றாள் கோவிந்தம்மா. "ஆனா பார்த்தத சொல்லிட்டுத் தள்ளி வெய். இன்னி வரைக்கும் நீ கண்டது வெறும் மீனு. பேசுனா ஒரு குத்தமும் இல்ல."

ரங்கசாமி கோயில் பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். முகம் வாடி நின்ற தேசப்பன்தான் அவளருகே வந்தான். "அப்போ நான் குடிய வுட்டது?" என்று மெதுவாகக் கேட்டான்.

"அது நீயா வுட்டதுய்யா. அம்மனுக்கும் அதுல பங்கு இல்ல, எனக்கும் இல்ல."

தேசப்பன், வாழ்நாளில் ஊர்க் கூட்டத்தில் பேசாத மனுஷன், தொண்டையைச் செருமிக்கொண்டு அதிகாரியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தான். கார்த்திகை வெள்ளத்தில் ஆற்று வாயில் கூட்டம் கூட்டமாக வந்தது, ஏரியில் தண்ணீர் இனித்த வரைக்கும் கோரைப் புல்லுக்குள் மேய்ந்தது என்றான். அவன் பேசிவிட்டான், ஒன்றும் ஆகவில்லை என்றதும் அடுத்தவன் பேசினான். மார்கழியில் நெல் வயல் வடிகாலில் ஏறினது, வரப்போரத்தில் கையால் தொட்டுப் பார்த்தேன் என்றான். அணைக்கட்டு நிரம்பி வழிந்தபோது தாண்டித் தாண்டி ஏறினதை ஒருத்தி பார்த்திருந்தாள். வருஷம் முழுக்க அடைத்து வைத்திருந்தது உடைத்துக்கொண்டு வந்தது. பாக்கியராஜ் ஒருவரிடமிருந்து ஒருவரிடம் ஓடினார். மீன் மடுவை விட்டு நகராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சிரித்தார், கண் கலங்கியிருந்தது. கடைசியில் ரங்கசாமியே, தை மாதம் ஆற்றோரத் தாழம்புதரின் வேருக்குள் நான் பார்த்தது இதைவிடப் பெரிசு என்று முனகினார்.

வாய்ப் பேச்சு போதுமா, கண்ணால் பார்க்க வேண்டாமா என்றார் பெரிய அதிகாரி. அது நியாயந்தானே. கோவிந்தம்மா கரையில் கிடந்த வீச்சு வலையை எடுத்தாள். ஆற்றங்கரையில் பிறந்தவளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வேப்பிலையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, வட்டமாக வீசி, மெல்ல இழுத்தாள். மூன்று சேல் கெண்டை. ஒன்றைத் தூக்கிப் புரட்டி அதிகாரியின் மூக்கருகே காட்டினாள். வயிற்றுக்கடியில் வலது துடுப்பு இருந்தது, இடது பக்கம் வழவழவென்று இருந்தது.

வாலிபர்கள் இருவரும் இதற்குள் தண்ணீரில் கால் வைத்துவிட்டார்கள். கோவிந்தம்மா மீனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர்களை ஒரு பார்வை பார்த்தாள். கோயில் இருந்த திசைக்குத் திரும்பி, கரையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"அன்னிக்குக் கூலிக்கு அறுத்தேன். இன்னிக்கு நேர்ந்து வுடறேன். இந்த ஆத்துல துடுப்பு அறுத்தது, அறுக்காதது, இனிமே பொறக்கப் போறது, அல்லாத்தையும். கண்டா எங்கிட்ட மட்டும் சொல்லுங்க, நான் சாருக்கு சொல்லிக்கிறேன். அந்தக் குத்தம் என் தலையில. புடிச்சா உங்க தலையில."

மீன்களைத் தண்ணீரில் விட்டாள். வாலிபர்கள் காலை வெளியே எடுத்துக்கொண்டார்கள். பெரிய அதிகாரி எழுந்து, ஏலம் இன்றைக்கு இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்.

பூவராகவனுக்குப் பொறுக்கவில்லை. படித்தவர், பணம் உள்ளவர், ஒரு மீன்காரி முன்னால் தோற்றுப் போவதா? நயமாகத்தான் கேட்டார். "ஏம்மா, காதறுத்து வுட்ட கிடாய ஒரு நாள் அம்மனுக்கு வெட்டித்தானே ஆவணும்? இத எப்போ வெட்டப் போற? அதையும் சொல்லிடு."

ஜனங்கள் கோவிந்தம்மாவைப் பார்த்தார்கள். கேள்வி சரியான கேள்விதான். அவள் வலையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு கரையேறினாள்.

"அது எனக்கும் அவளுக்கும் இருக்கிற பேச்சு. அவ கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். நீ மொதல்ல இன்ஜின வண்டியில ஏத்து."

ஏற்றுவதற்கு ரங்கசாமியும் குப்பத்து ஆட்களும் ஒரு பக்கம் கை கொடுத்தார்கள்.